யாழ்ப்பாணத்து வளவுக்கு எந்த வாசப் பூமரம்: பவளமல்லியா, ஈழத்தலரியா, மருதோன்றியா?

வளவில் வாசமுள்ள பூமரம் ஒன்று வேண்டும், ஆனால் மல்லிகைக்குப் போல வருடம் முழுக்கத் தண்ணீர் இறைக்க முடியாது என்பவர்களுக்கு, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுத் தாக்குப்பிடிக்கும் செடிகளே பொருத்தம். யாழ்ப்பாணத்தில் எளிதாகக் கிடைப்பவை மூன்று: பவளமல்லி, ஈழத்தலரி, மருதோன்றி. வெள்ளை மந்தாரையையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அதன் விதையை ஓர் இரவு ஊறவைத்துப் போட்டால் இரண்டு கிழமைக்குள் முளைத்துவிடும், பூசைக்கும் நல்ல பூ. ஆனால் வாசம் மிக மெல்லியது. வாசத்துக்காக நடுபவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

மற்ற மூன்றில் எது என்பதை விருப்பம் மட்டும் தீர்மானிக்க விடக்கூடாது. உங்கள் காணியின் அடியில் என்ன இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் ஆவணியில் எப்படி இருக்கிறது, இலையில்லாத மாதங்களில் அந்தச் செடியைச் சும்மா விட உங்களால் முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் தெரிவு தானாக வந்துவிடும்.

முதலில் மண்ணும் தண்ணீரும்

கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கங்களில் செம்மண். தண்ணீர் நிற்காமல் இறங்கும். ஆனால் அடியில் சுண்ணக்கல். சில வளவுகளில் இரண்டு அடி தோண்டுமுன்பே அலவாங்கு கல்லில் முட்டும். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் மணல், ஊரி, முருகைக்கல். கோடை முற்ற முற்றக் கிணறு உவர்க்கும். பள்ளக் காணிகளில் பிரச்சினை வேறு: கார்த்திகை மழையில் வெள்ளம் நாட்கணக்கில் நிற்கும்.

நடவிருக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிட்டால் எந்தச் செடியையும் அங்கே வைக்கலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டாமல் பவளமல்லியையோ ஈழத்தலரியையோ நடாதீர்கள்.

தண்ணீரைப் பார்க்க வேண்டிய காலம் ஆவணி, புரட்டாதி. மழைக்கு முன்பான அந்த நாட்களில்தான் கிணறு அதிகம் உவர்க்கும். மாசியில் குடித்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். வளவில் தேசியோ வாழையோ நின்றால் அவற்றின் இலை ஓரம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் உப்பை முதலில் காட்டிக்கொடுக்கும். கருகியிருந்தால் பவளமல்லி அங்கே நிலைக்காது. கேத்திலின் உள்ளே படியும் வெள்ளைப் படிவை உப்பென்று நினைத்துப் பயப்படாதீர்கள், அது சுண்ணாம்பு. செடியைக் கொல்லாது. ஆனால் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி இரும்புச்சத்தைக் கட்டிப்போடும். அதனால் வரும் மஞ்சளிப்பைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

எந்தக் காலத்துப் பூ வேண்டும்?

பவளமல்லி மழைக்காலப் பூ. புரட்டாதியில் மொட்டு வைத்து, ஐப்பசி கார்த்திகையில் நிறையப் பூத்து, மார்கழியோடு குறையும். நவராத்திரிக்கும் கந்தசஷ்டிக்கும் திருவெம்பாவைக்கும் வீட்டுப் பூசைக்குப் பூ இருக்கும். ஈழத்தலரி அதற்கு எதிர்ப்பருவம். பங்குனி சித்திரையில் இலையில்லாத கொப்பு நுனியிலேயே பூங்கொத்து எழும்பும். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆடி ஆவணியிலும் பூத்துக்கொண்டிருக்கும். பெருமழை தொடங்க அடங்கும். மருதோன்றிக்கு இப்படி ஒரே பருவம் இல்லை. மழையோ தண்ணீரோ கிடைத்துப் புதுக்கொப்பு விடும் ஒவ்வொரு முறையும் பூக்கும்.

பூவை எடுக்கும் விதமும் வேறு. பவளமல்லி பொழுதுபட விரிந்து விடியுமுன் தானாக உதிர்ந்துவிடும். நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை என்ற வழக்கத்துக்கு இந்தப் பூ விலக்கு. ஆனால் அது பூக்கும் காலமே யாழ்ப்பாணத்தில் மழைக்காலம் என்பதைப் பலர் நடும்போது யோசிப்பதில்லை. செம்மண் முற்றத்தில் விழுந்த வெள்ளைப் பூ காலையில் சேற்றோடுதான் கைக்கு வரும். மரத்தின் கீழ் ஆறடி வட்டத்துக்கு இரண்டு அங்குலம் கழுவிய மணல் பரப்பி வையுங்கள். அல்லது பின்னேரம் நிழல் வலை ஒன்றை நாலு தடியில் கட்டி, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் விரித்துவிடுங்கள். மழைநீர் வலையால் இறங்கும், பூ மேலே நிற்கும். இதைச் செய்ய மனமில்லாதவர் பூசைக்கென்று பவளமல்லி நடுவதில் பயனில்லை.

ஈழத்தலரிப் பூவை மரத்திலிருந்தும் பறிக்கலாம், காலையில் விழுந்ததையும் எடுக்கலாம். தடித்த இதழ் என்பதால் ஒரு நாள் வாடாமல் இருக்கும். பறிக்கும்போது காம்பில் பால் வடியும்.

பவளமல்லி: செம்மண்ணின் முதல் தெரிவு

மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்காசியா வரை இயற்கையாக வளரும். விட்டால் இருபது முப்பது அடிக்கும் போகும். வெட்டி வளர்த்தால் எட்டடிப் பற்றையாக நிற்கும்.

கன்று உண்டாக்க விதைதான் நம்பகமான வழி. காய் தட்டையாக, இரண்டு அறையோடு இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை. தை மாசியில் காய் மண்ணிறமாகிப் பிளக்குமுன் மரத்திலிருந்தே பறித்து நிழலில் காயவிடுங்கள். சித்திரைக்குள் போட்டுவிட வேண்டும்; பழைய விதை சரியாக முளைக்காது. ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு கலந்த பொலித்தீன் பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்று கிழமையிலும் முளைக்கும், ஆறு கிழமையிலும் முளைக்கும்; எல்லாம் ஒன்றாக வராது. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பையைக் கொட்டுவதுதான் பலரும் விடும் பிழை. பெரிய மரம் உள்ள வீட்டில் மழை முடிந்ததும் மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகள் நிற்கும். நாலு சோடி இலை வந்ததும் மண்ணோடு கிளப்பிப் பையில் வைத்தால் விதையோடு மினக்கெடத் தேவையில்லை.

தடியிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் எளிதல்ல. ஆனி ஆடியில், பச்சை மாறிப் பாதி முற்றிய பென்சில் தடிப்புக் கொப்பை எட்டு அங்குலத்துக்கு வெட்டி, மேலே இரண்டு இலையைப் பாதியாகக் கத்தரித்து விட்டு, வேர் ஊக்கித் தூளில் தோய்த்து ஈரமணலில் ஊன்றி, பொலித்தீனால் மூடி நிழலில் வைக்க வேண்டும். பாதி பிழைத்தாலே நல்ல பலன். இதன் இலாபம், விதைக்கன்றை விட முந்திப் பூப்பது. விதைக்கன்று பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும்.

நடுகை ஐப்பசியில், முதல் மழை மண்ணை நனைத்த பிறகு. குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வெட்டி, அடியில் அரையடிக்கு வேப்பங்குழையோ பூவரசங்குழையோ தாழ்த்தி மண் மூடுங்கள். குழை அழுகும் சூடு அடங்கிய பிறகே கன்று போக வேண்டும். மேல்மண்ணோடு இரண்டு தாச்சி மக்கிய மாட்டெரு போதும். ஆட்டெரு என்றால் ஒரு தாச்சி, அதுவும் பழையதாக இருக்க வேண்டும். புது ஆட்டெரு இளவேரைக் கருக்கும். கல் முட்டினால் அலவாங்கால் குத்தி வெடிப்பு உண்டாக்குங்கள். வேர் அந்த வெடிப்பால் இறங்கும். கல்லின் மேல் தட்டையாக மண் நிரப்பி நட்டால் மூன்றாம் வருடத்தில் வளர்ச்சி நின்றுவிடும்.

முதலிரண்டு வருடமும் தை முதல் புரட்டாதி வரை கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஒரு வாளி. பாத்தியின் மேல் பனையோலையோ தென்னோலையோ மூடி வையுங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெறும் பாத்தி ஒரே நாளில் காய்ந்துவிடும். வளர்ந்த மரத்துக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் ஆடி ஆவணியில் பத்து நாளுக்கு ஒருமுறையாவது மூன்று நாலு வாளி விட வேண்டும். அந்த மாதங்களில் விடும் புதுக்கொப்பில்தான் பிறகு பூ வரும். இதைத் தவறவிட்ட வருடம் பூ குறைவாகவும் பிந்தியும் வரும்.

இதே காரணத்தால் கத்தரிக்கும் காலமும் ஒன்றுதான்: காய் முற்றிய பிறகு, புதுத்தளிர் வருமுன், மாசி பங்குனியில். மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். கிழட்டு மரத்தை மூன்றடியில் தறித்தாலும் அடியிலிருந்து தளிர்க்கும். ஆவணியில் வேலியோரம் துப்புரவாக்குகிறோம் என்று நுனிகளை வெட்டினால் அந்த வருடப் பூ போய்விடும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. சுண்ணக்கல் மேலாக உள்ள காணிகளில் எதிர்பார்க்க வேண்டியது. இரும்புச் சல்பேற்றை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போடும், காசுதான் நட்டம். 1 லீற்றருக்கு 5 கிராம் கரைத்து இலையில், பின்னேரம், இரண்டு கிழமை இடைவெளியில் மூன்று தடவை தெளியுங்கள். கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காமல் பிடித்து வைத்த மழைநீரை எடுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் தேசிப்புளி விடுங்கள். கரைசல் துரு நிறத்தில் கலங்கினால் அது இனி உதவாது. நிலையான பரிகாரம் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் பாத்தியில் போடும் மக்கிய எருவும் குழையும்தான்.

மழைக்காலத்தில் அடிமரத்தில் மயிர்க்கொட்டிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். பந்தம் கொளுத்திச் சுடுவது வழக்கம். இந்த மரத்துக்கு அது கூடாது. மெல்லிய பட்டை வெந்து, அந்த இடத்தால் கொப்பு பட்டுப்போகும். நீளத் தடியில் கட்டிய விளக்குமாற்றால், சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளிக்குள் தட்டிவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஈழத்தலரி: உவருக்கும் மணலுக்கும்

மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் இதன் பிறப்பிடம். அங்கே இலையில்லாத காலம் வறண்ட காலம். அந்த நேரத்தில் வேர் நனைந்து கிடந்தால் அழுகும். இந்த மரத்தோடு நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

கன்று தேவையில்லை, தடி போதும். ஆனால் பூவரசு, கிளுவைக் கதியாலை மழையோடு வெட்டி அன்றே ஊன்றுவது போல இதை ஊன்றினால் அடி அழுகிவிடும். மாசி பங்குனியில், இலையில்லாத மரத்தில், பச்சை மாறிச் சாம்பல் நிறமான கொப்பை ஒன்று ஒன்றரையடிக்கு வெட்டுங்கள். பெருவிரல் தடிப்புக்குக் குறையக்கூடாது. பாலை வடியவிட்டு, நிழலில் காற்றுப்படும் இடத்தில் பத்துப் பதினாலு நாள் சாய்த்து வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து இறுகிய பிறகு, பாதிக்கு மேல் பருமணல் கலந்த மண்ணில் நாலு அங்குலம் மட்டும் ஊன்றி, அசையாமல் ஒரு முண்டுத்தடியோடு கட்டுங்கள். ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். இலை விரியும் வரை மண் மேலாக நனையும் அளவுக்கு மேல் விடவேண்டாம். வேர் பிடிக்க ஆறு முதல் எட்டுக் கிழமை. அடி மெத்தென்று கறுத்தால் பிடுங்கி, உள்ளே சுத்தமான வெள்ளை தெரியும் வரை மேலே வெட்டி, மறுபடி காயவைத்து நடலாம்.

வேர் பிடித்த மரத்துக்கு யாழ்ப்பாணக் கோடையில் தண்ணீர் விடத் தேவையே இல்லை. உப்புக் காற்றையும் ஓரளவு உவர்த் தண்ணீரையும் தாங்கும். காரைநகர், பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையோரங்களுக்கு எங்கள் தெரிவு தயக்கமில்லாமல் இதுதான். நல்ல தடி நட்டால் அடுத்த வருடமே பூ எதிர்பார்க்கலாம்.

வாங்கும்போது இலை நுனியைப் பாருங்கள். நுனி கூர்மையாக இருந்தால் இலையுதிர்க்கும் இனம். வட்டமாக மழுங்கியிருந்து இலை பளபளத்தால், அது பெரும்பாலும் வருடம் முழுக்க இலையோடு நிற்கும் இனம், வெள்ளைப் பூ. குளிர்காலத்தில் முற்றத்துக்கு வெயில் வேண்டும் என்பவர் முதலாவதை எடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. கொப்பு பாரமானது, முறியக்கூடியது. வாகனம் விடும் இடத்துக்கும் கூரைக்கும் பத்தடி தள்ளி நடுங்கள். பால் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் படவே கூடாது. பூ கொப்பின் நுனியில் வருவதால் எந்த வெட்டும் ஒரு பருவப் பூவைக் குறைக்கும். பூங்கொத்து முடிந்த இடத்தில் கொப்பு தானாகவே கவராகும், எனவே அழகுக்காக வெட்ட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் இலையின் கீழ் செம்மஞ்சள் பொடி படிந்தால் அது துரு நோய். விழுந்த இலைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள். எப்படியும் உதிரப்போகும் இலைக்கு மருந்தடிப்பது வீண்.

மஞ்சள் அலரியையும் செவ்வலரியையும் இதற்குப் பதிலாக யாராவது தந்தால் வாங்காதீர்கள். இரண்டும் இதயத்தைத் தாக்கும் கடும் நஞ்சு; குழந்தையும் ஆடும் உள்ள வளவில் அவற்றுக்கு இடமில்லை.

மருதோன்றி

வேலியோரம் மட்டும் இடமுள்ளவருக்கு இது. சுண்ணாம்பு மண்ணையும் வறட்சியையும் மூன்றிலும் மிக எளிதாகத் தாங்கும். ஐப்பசி மழையில் பென்சில் தடிப்புத் தடியை இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். சிறிய மங்கல் வெள்ளைப் பூ. பார்வைக்கு ஒன்றுமில்லை, வாசம் கனதி. படுக்கையறை யன்னலுக்கு நேரே வைத்தால் சிலருக்குத் தலையிடிக்கும். கைக்கு வைக்க இலை வெட்டும் செடி பூக்காது. பூ வேண்டுமானால் நாலைந்து செடியை வெட்டாமல் ஒதுக்குங்கள். முதிர்ந்த கொப்பில் முள் இருக்கும்.

எந்தப் பக்கத்தில் நடுவது

வாசத்துக்காக நடுபவர் காற்றைப் பார்க்க வேண்டும். பவளமல்லி பூக்கும் காலத்தில் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து. எனவே அது வீட்டுக்கு வடகிழக்கில் நின்றால் இரவில் வாசம் வீட்டுக்குள் வரும். ஈழத்தலரி பூக்கும்போது சோளகம். தென்மேற்கில் நின்றால் வாசமும் வரும், பின்னேர வெயிலையும் மறைக்கும். ஆனால் சோளகம் பலமாக அடிக்கும் வெறுங்காணியில் கொப்பு முறியும் என்பதால் மதிலுக்கு உட்புறமாக வையுங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டுமே வேண்டாம். உதிர்வது எல்லாம் தண்ணீருக்குள் விழும். கிணற்றடிக் கசிவு ஈழத்தலரியை அழுக வைக்கும்.

மாசி பங்குனியில் இரண்டும் மொட்டையாக நிற்கும். செத்துவிட்டதோ என்று பயந்து தினமும் தண்ணீர் விடுவது அப்போதுதான் தொடங்கும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. வளர்ந்த பவளமல்லிக்கு அந்த நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒரு வாளி போதும், ஈழத்தலரிக்கு ஒன்றும் வேண்டாம். எருவும் தளிர் வந்த பிறகே.

வாடகை வீட்டில் இருப்பவர் பதினெட்டு அங்குலச் சாடியில் ஈழத்தலரியை வைப்பது நல்லது. அடியில் துளை நாலைந்து இருக்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் சாடியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். பவளமல்லியும் சாடியில் நிற்கும், ஆனால் கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலே இலையைக் கொட்டும்.

செம்மண் காணியும் நல்ல தண்ணீரும் உள்ளவருக்குப் பவளமல்லியை விடச் சிறந்ததை நாங்கள் சொல்ல மாட்டோம். இடம் இருந்தால் ஈழத்தலரியையும் சேர்த்து நடுங்கள். இரண்டுக்கும் இடையே பதினைந்து அடி விட்டு, ஈழத்தலரியை மேட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஆடி ஆவணியில் பவளமல்லிக்கு விடும் தண்ணீர் அதன் அடிக்கு ஓடக்கூடாது. பவளமல்லிக்கான குழியைப் புரட்டாதி முடியுமுன் வெட்டிக் குழை தாழ்த்திவிடுங்கள். ஈழத்தலரித் தடிக்கு மாசி வரை பொறுக்கலாம்.